வியாழக்கிழமை இரண்டு மணி

இந்தக் கல்லூரியில் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை நிறுவிய குடும்பத்தார் என் வீட்டுக்கு வந்தபோது, "படிச்சதைப் பேச நிறையப் பேர் இருக்காங்க, நீங்க செஞ்சதைப் பேசுங்க" என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மேடையில் நிற்கிறேன். நான் முப்பத்தாறு ஆண்டுகள் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவன். மருத்துவம் படித்தவன் இல்லை. மறதிநோயோடு ஆறு ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த ஒரு தாயின் மகன். இப்போது அதே நோய் புகுந்த வேறு வீடுகளுக்கு வாரம் இரண்டு மதியம் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் என் மனைவி. நான் காலையில் அலுவலகம் போய்விடுவேன். மாலையில் வரும்போது அம்மா குளித்து, புடவை மாற்றி, நெற்றியில் திருநீறு இட்டு உட்கார்ந்திருப்பார். அதற்குப் பின்னால் எத்தனை மணி நேரப் போராட்டம் இருந்தது என்பது பணி ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் மனைவியிடம் கேட்டேன், உனக்கு என்ன வேண்டும், நர்ஸ் வைக்கலாமா, வேறு டாக்டரைப் பார்க்கலாமா என்று. அவள் சொன்னது இதுதான்: "வாரத்துல ஒரு ரெண்டு மணிக்கூறு யாராவது அம்மகூட இருந்தாப் போதும். நான் எண்ணெ தேச்சுத் தல குளிச்சிட்டு வந்துருவேன்."

அப்போது அம்மாவுக்கு நோய் வந்து நான்காவது ஆண்டு. நான்கு ஆண்டுகளாக அவள் நிம்மதியாக எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை. குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு காதை வாசல்பக்கம் வைத்துக்கொண்டு இரண்டு செம்பு தண்ணீரை ஊற்றிவிட்டு ஓடி வந்திருக்கிறாள். இன்று நான் பேசப்போவது முழுக்க அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1901-ல் ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரத்து மருத்துவமனைக்கு அகஸ்டா டீட்டர் என்ற 51 வயதுப் பெண்மணியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவரைக் கவனித்த மருத்துவர் அலாய்ஸ் ஆல்சைமர். அந்தப் பெண்மணி இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்து, 1906 நவம்பரில் டூபிங்கன் நகரில் ஒரு மருத்துவர் கூட்டத்தில் பேசினார். 1910-ல் ஆல்சைமரின் பெயரையே நோய்க்கு வைத்தார்கள். மருத்துவ வரலாற்றில் மருத்துவர் இருக்கிறார், நோயாளி இருக்கிறார். இரவெல்லாம் தூங்காத மனைவியோடு வீட்டில் மல்லுக்கட்டிய ஒரு கணவரும் இருந்தார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அன்று முதல் இன்று வரை இதுதான் வழக்கம்.

மறதிநோய் என்று நாம் சொல்லும் டிமென்ஷியா பல நோய்களுக்கான பொதுப்பெயர். அதில் அதிகம் காண்பது ஆல்சைமர். மூளையின் ரத்தக்குழாய்கள் அடைபட்டும் வரலாம். தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் பற்றாக்குறை, கடும் மனச்சோர்வு இவற்றாலும் இதேபோன்ற தடுமாற்றம் வரும். அவற்றை மருந்தால் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. அதனால் வீட்டில் யாருக்காவது மறதி கூடினால், "வயசாச்சுல்லா" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எங்கள் அம்மாவை முதலில் பார்த்த மருத்துவரே அந்த வார்த்தையைத்தான் சொன்னார். இரண்டு நிமிடத்தில் எங்களை எழுப்பி அனுப்பினார். அதனால் எங்களுக்கு ஒன்றரை ஆண்டு வீணாகிப்போனது.

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக, 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. ஏறக்குறைய 88 லட்சம் பேர். தபால்காரர்களோடு வாழ்ந்தவன் என்பதால் நான் இதைத் தெருக்கணக்காகத்தான் பார்ப்பேன். ஒரு தபால்காரர் சுற்றுகிற பீட்டில் அறுபது தாண்டியவர்கள் நூறு பேர் இருந்தால், ஏழு வீட்டில் இது இருக்கும். பென்ஷன் மணியார்டர் கொண்டுபோகிற தபால்காரருக்கு அந்த ஏழு வீடும் தெரியும். கையெழுத்து மாறிக்கொண்டே வருவதை அவர் பார்த்திருப்பார். பிறகு கைநாட்டாக ஆனதையும் பார்த்திருப்பார். பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியாது, ஏனென்றால் அந்தக் குடும்பம் மறைக்கும். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாட்டிக்குப் புத்தி சரியில்லை என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம்.

பெயரிலேயே பாதிச் சிக்கல் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பார்கள். நம் பக்கத்தில் 'புத்தி பேதலிச்சுட்டு' என்பார்கள். ஜப்பானிலும் பழைய பெயர் மடமை என்ற பொருள் தருவதாகவே இருந்தது. நோயாளிகளின் குடும்பங்கள் அங்கே 1980-லேயே கியோட்டோ நகரில் ஒரு சங்கமாகக் கூடியிருந்தன. 2004 டிசம்பரில் அந்நாட்டு அரசு பழைய சொல்லைக் கைவிட்டு, அறிதல் தொடர்பான நோய் என்ற பொருளில் புதுச்சொல் ஒன்றைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே சாதாரண மக்களுக்கு ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். ஒன்றரை மணி நேர வகுப்புதான். முடித்தவர்களுக்கு மணிக்கட்டில் போட ஓர் ஆரஞ்சு வளையம் தந்தார்கள். வங்கி ஊழியர், பள்ளிப்பிள்ளை, கடைக்காரர் என்று இதுவரை ஒரு கோடிப் பேருக்குமேல் அதை முடித்திருக்கிறார்கள்.

ஒன்றரை மணி நேரத்தில் என்ன கற்றுவிட முடியும் என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. ஓமுட்டா என்ற ஊரைப் பற்றி அறிந்தபோது அது குறைந்தது. நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்து, 1997-ல் சுரங்கம் மூடியபின் முதியவர்கள் மிகுதியாகத் தங்கிப்போன ஊர் அது. அங்கே 2004 முதல் ஓர் ஒத்திகை நடத்துகிறார்கள். ஒருவர் வழிதவறிய முதியவரைப்போலத் தெருவில் நடப்பார். காவல் நிலையம் வழியாக அடையாளங்கள் ஊரெங்கும் பரவும். வழியில் பார்க்கிறவர்கள் அவரிடம் போய்ப் பேச வேண்டும். அந்நியரான ஒரு முதியவரை நிறுத்தி, பயமுறுத்தாமல், கையைப் பிடித்து இழுக்காமல், எப்படிப் பேச்சுக்கொடுப்பது என்பதுதான் ஒத்திகையே. பள்ளிப்பிள்ளைகளும் கலந்துகொள்கிறார்கள்.

அதே ஜப்பானில் 2007 டிசம்பரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஓபு என்ற நகரில் மறதிநோய் கொண்ட 91 வயது முதியவர் வீட்டைவிட்டு வெளியேறி, தண்டவாளத்துக்குள் போய், ரயிலில் அடிபட்டு இறந்தார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்கு 85 வயது. அசதியில் சில நிமிடம் கண்ணயர்ந்திருக்கிறார், அந்த நேரத்தில் இது நடந்துவிட்டது. ரயில்கள் தாமதமானதற்கு இழப்பீடு கேட்டு ரயில் நிறுவனம் குடும்பத்தின்மீது வழக்குப் போட்டது. முதல் நீதிமன்றம் 2013-ல் அந்த மனைவியும் மகனும் 72 லட்சம் யென் தரவேண்டும் என்றது. மேல்முறையீட்டில் தொகை பாதியாகக் குறைந்து, மனைவி மட்டும் தரவேண்டும் என்றானது. 2016 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம்தான் குடும்பத்துக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பளித்தது. எட்டு ஆண்டுகளுக்குமேல் அந்த மூதாட்டி, தான் கண்ணயர்ந்தது குற்றமா இல்லையா என்ற கேள்வியோடு வாழ்ந்திருக்கிறார். இதை நான் முதலில் படித்த அன்று இரவு தூங்கவில்லை. என் மனைவியும் கண்ணயர்ந்திருக்கிறாள்.

அதை இங்கே சொல்கிறேன். எங்கள் அம்மா பிறந்த ஊர் தோவாளை. அந்த ஊரைப் பற்றி இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் பூச்சந்தை கூடும் ஊர். அம்மா ஏழு வயதில் பூக்கட்டத் தொடங்கியவர். நோய் முற்றியபின் தினமும் மாலை நான்கரை, ஐந்து மணியானால் அவருக்கு ஒரு பரபரப்பு வந்துவிடும். ஒரு துணிப்பையில் இரண்டு புடவையும் ஒரு சீப்பும் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்பார். "மக்களே, நேரமாச்சுல்லா, வீட்டுக்குப் போவாண்டாமா?" இந்த நோயுள்ள வீடுகளில் பெரும்பாலானோர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். இதுதான் வீடு என்று நாம் சொல்லச் சொல்ல அவர்களுக்கு அச்சம் கூடும். அவர்கள் கேட்கிற வீடு ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முந்தியது.

ஒரு மாலை, மனைவி சுவரில் சாய்ந்தபடி பத்து நிமிடம் தூங்கிவிட்டாள். அம்மா பையோடு கிளம்பிவிட்டார். நாங்கள் தெருத்தெருவாகத் தேடினோம். ஒன்றரை மணி நேரம் கழித்து வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. அங்கே பூ விற்கிற ஒரு அம்மா, 'தோவாளை வண்டி எது' என்று மூன்றுமுறை கேட்ட கிழவியின் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்துகொண்டிருக்கிறார். "வண்டி வர நேரமாவும், இரிங்க பாட்டி" என்று தன் பக்கத்தில் உட்கார வைத்து, நாரையும் ஒரு கூறு பிச்சிப்பூவையும் மடியில் போட்டுவிட்டார். நான் போய்ச் சேரும்போது அம்மா நான்கு முழம் கட்டி முடித்திருந்தார். என் பெயர் அவருக்கு நினைவில் இல்லை. விரல்கள் ஒரு முடிச்சுகூடத் தவறவில்லை. கைவேலையின் நினைவு மூளையில் வேறு தடத்தில் இருக்கிறது, பெயர்களும் முகங்களும் போனபிறகும் அது நெடுநாள் தங்கும் என்று பின்னால் மருத்துவர்கள் விளக்கினார்கள். அந்தப் பூக்கார அம்மாவுக்கு எந்த வளையமும் யாரும் தரவில்லை. நான் பார்த்ததிலேயே சிறந்த தன்னார்வலர் அவர்தான். இப்படி வீடுகளுக்குப் போகிற எங்கள் குழுவுக்கு முதல் பாடத்தைச் சொல்லித்தந்தவரும் அவரே.

இப்போது எங்கள் குழுவில் பதினான்கு பேர் இருக்கிறோம். பெயர் வைக்கவில்லை, பதிவும் செய்யவில்லை. முறையான வழிகாட்டலுக்கு நாங்கள் அக்கம்பக்கத்து அனுபவங்களைத்தான் பார்த்தோம். 1992-ல் திருச்சூர் மாவட்டம் குன்னங்குளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அமைப்புதான் நம் நாட்டில் இந்த நோய்க்கென எழுந்த முதல் அமைப்பு. அதே கேரளத்தில், புற்றுநோய் வலி தணிப்புக்கென 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய இயக்கம், சில ஆண்டுகளில் மலப்புரம் பகுதியில் அக்கம்பக்கத்தார் வலைப்பின்னலாக விரிந்தது. அதில் சேர விரும்புகிறவர் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் தரவேண்டும், 16 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும் என்று வைத்தார்கள். என் மனைவி கேட்டதும் இரண்டு மணி நேரம்தான் என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மறதிநோய்ப் பராமரிப்பு அந்த வலி தணிப்புப் பணியைவிட நீளமானது. எட்டு, பத்து ஆண்டுகள்கூடப் போகும். புண்ணைத் துடைத்துக் கட்டினேன், வலி குறைந்தது என்று மனத்துக்கு ஆறுதல் கிடைக்காது. நாம் போய்வந்ததையே அவர் மறந்திருப்பார். அப்படியானால் யாருக்காகப் போகிறோம்?

இந்தக் கேள்விக்குக் கோவா தெளிவாக விடை தந்திருக்கிறது. டாக்டர் அமித் டயஸும் அவருடைய குழுவினரும் அங்கே ஓர் ஆய்வு செய்து 2008-ல் வெளியிட்டார்கள். 81 குடும்பங்கள். அதில் 41 குடும்பங்களுக்கு வீடு தேடிப்போய் உதவினார்கள். போனவர்கள் மருத்துவர்கள் அல்லர். மேல்நிலைப்பள்ளி முடித்த, உள்ளூர் மொழி பேசுகிற, ஒரு வாரம் பயிற்சி பெற்றவர்கள். மேற்பார்வைக்கு ஓர் ஆலோசகரும் ஒரு மனநல மருத்துவரும் இருந்தார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது, ஆறு மாதம் போனார்கள். நோயை விளக்கினார்கள், அடம்பிடிக்கும்போது என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தார்கள், அரசு உதவிகளுக்கு வழிகாட்டினார்கள், குடும்பங்களை ஒன்றோடொன்று பேசவைத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பராமரிப்பவர்களின் மனநலத்தில் தெளிவான முன்னேற்றம் இருந்தது. நோயாளியின் நடத்தையால் அவர்கள் படும் துயரமும் குறைந்திருந்தது. நாம் போவது முதலில் அந்த மருமகளுக்காக, அந்த மனைவிக்காக, வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற அந்த மகளுக்காக. அவர் உடையாமல் இருந்தால் நோயாளிக்குச் சோறு நேரத்துக்குக் கிடைக்கும், அடி விழாது. ஆம், அடி என்றுதான் சொல்கிறேன். நல்ல மனிதர்கள், மூன்று இரவு தூங்காத நிலையில் கை ஓங்கியதை என்னிடம் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பதும் எங்கள் வேலைதான்.

போகிற வீட்டில் என்ன செய்வது? ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்வோம். 'என்னைத் தெரியுதா? நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்' என்று கேட்காதீர்கள். நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிற ஒவ்வொரு உறவினரும் இதைக் கேட்கிறார்கள். அன்பால்தான் கேட்கிறார்கள். ஆனால் அது ஒரு பரீட்சை. ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் தோற்கிறார், தோற்றது அவருக்குத் தெரிகிறது. எங்கள் அம்மா அந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்புவார். விருந்தினர் போனபின் நெடுநேரம் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருப்பார். அதற்குப் பதிலாக, நாமே சொல்லிவிடலாம்: "நான் தெக்குத்தெரு போஸ்ட்மாஸ்டர், உங்களப் பாக்க வந்தேன்." ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் சொல்லலாம். ஒரு பாட்டி இறந்துபோன கணவரைக் கேட்டால், 'அவர் செத்து முப்பது வருஷமாச்சு' என்று சொல்லி அவரை மறுபடி விதவையாக்க வேண்டாம். கணவர் எப்படிப்பட்டவர், என்ன விரும்பிச் சாப்பிடுவார் என்று கேளுங்கள்.

கைக்கு வேலை கொடுங்கள். ஈர்க்கில் சீவுவது, அரிசியில் கல் பொறுக்குவது, துணி மடிப்பது. நான் போகிற ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் இருக்கிறார். பேச்சு ஏறக்குறைய நின்றுவிட்டது. ஒரு அளவு நாடாவைக் கொண்டுபோனேன். இருவருமாக வராந்தாவை அளப்போம், ஜன்னலை அளப்போம். எண்ணை அவர் உரக்கச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். அந்த நேரத்தில் அவருடைய மனைவி ரேஷன் கடைக்குப் போய்வருவார்.

கசப்பானதையும் சொல்லாமல் இருக்க முடியாது. நம் தெருக்களில் வீட்டுக்குள் யார் வரலாம், அடுக்களை வரை யார் வரலாம் என்பது இன்னும் சாதியால் தீர்மானிக்கப்படுகிறது. உதவி தேவை என்று கேட்ட குடும்பமே, வருகிறவர் 'எந்த ஆளுக' என்று சுற்றிவளைத்துக் கேட்டதுண்டு. அவர்களிடம் நாங்கள், எங்களில் யார் வந்தாலும் ஒன்றுதான், இல்லையென்றால் யாரும் வரமாட்டோம் என்று சொன்னோம். ஆனால் நோயாளியின் வாயிலிருந்தே இழிசொல் வந்துவிட்டால் என்ன செய்வது? மூளையின் கட்டுப்பாடு தளரும்போது, எண்பது ஆண்டுகள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வரும். எங்களோடு இருந்த ஒரு இளைஞன், மிக நல்ல பையன், ஒரு முதியவரின் வாயிலிருந்து அப்படி ஒன்றைக் கேட்டுவிட்டு வந்தான். 'நோய் பேசுது, விடு தம்பி' என்று நான் சொன்னேன். அவன் அதன்பிறகு வரவில்லை. நான் சொன்னது தவறு என்று இப்போது நினைக்கிறேன். அந்தச் சொல்லை அவர் நோயிலிருந்து கற்கவில்லை. அவனோடு முதலில் உட்கார்ந்து அந்தக் காயத்தைக் கேட்டிருக்க வேண்டும். அந்தக் குடும்பத்தையும் அவனிடம் மன்னிப்புக் கேட்க வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு தவறு, சொன்ன நாளில் போகாமலிருப்பது. இரண்டு வாரம் போய்விட்டு மூன்றாவது வாரம் காரணம் சொல்கிறவர், போகாமலே இருந்திருக்கலாம். வியாழக்கிழமை இரண்டு மணி என்றால் அந்த வீட்டுப் பெண் திங்கட்கிழமையிலிருந்தே அதைப் பிடித்துக்கொண்டுதான் நாளைக் கடத்துகிறாள்.

அரசு என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால், சுகாதாரத் தன்னார்வலரான பெண்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு வீடாக ஏற்கெனவே போகிறார்கள். படுத்த படுக்கையானவர்களுக்கு வலி தணிப்புச் சேவையும் அதில் உண்டு. மறதிநோயின் முதல் அறிகுறிகளைக் கண்டுகொள்ளவும், பராமரிப்பவரிடம் 'நீங்க தூங்குனீங்களா' என்று கேட்கவும் அவர்களுக்குப் பயிற்சி தரலாம். ஆனால் இரண்டு மணி நேரம் உட்காருவதையும் அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. குறைந்த ஊக்கத்தொகைக்கு அவர்கள் ஏற்கெனவே நிறைய நடக்கிறார்கள். அவர்கள் கண்டு சொல்லட்டும். உட்காருவது தெருக்காரர்களாகிய நம் வேலை.

மாணவர்களிடம் ஒரு கணக்கு சொல்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் நீங்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் 52 வாரத்துக்கு 104. மீதி 16 மணி நேரம் பயிற்சிக்குச் சரியாக இருக்கும். மரம் நடுங்கள், சாலையைச் சுத்தம் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வகுப்பில் ஆறு பேராவது இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டால், இந்தக் கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களில் பல வீட்டுக் கதவுகள் திறக்கும்.

எங்கள் அம்மா ஒரு மார்கழியில் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வருகிறவர்கள் எல்லாரும் நின்றுபோனார்கள், எங்கள் குழுவினர் உட்பட. மனைவி ஏழெட்டு மாதம் இரவு மூன்று மணிக்கு எழுந்து, காலியான கட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பாள். அதைப் பார்த்தபிறகுதான் எங்கள் வழக்கத்தை மாற்றினோம். நோயாளி இறந்தபின்னும் ஓராண்டு அந்த வீட்டுக்குப் போகிறோம். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் தேயிலை குடித்துவிட்டு வருகிறோம்.

வாசல் பக்கத்து மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயர், தெரு, எந்தக் கிழமை, எத்தனை மணி. உறுதியாக வர முடிகிற நேரத்தை மட்டும் எழுதுங்கள். ஆர்வத்தில் கூட்டி எழுத வேண்டாம். தெரிந்த வீட்டில் பராமரிக்கிறவர் யாராவது இருந்தால் கடைசிப் பக்கத்தில் தெருப்பெயரை மட்டும் குறித்துவிடுங்கள், வீட்டை நாங்கள் விசாரித்துக்கொள்வோம். எனக்கு இரண்டு மணிக்கு ஓரிடம் போக வேண்டியிருக்கிறது.